தொலைபேசியில் கேட்ட தாகம்

என் மகளின் நோய்க்கு முதல் அறிகுறி தாகம். அதை நான் கண்ணால் பார்க்கவில்லை, தொலைபேசியில் கேட்டேன். கேட்டபோது அது எனக்கு நோயாகப் படவில்லை. புகாராகப் பட்டது.

அப்போது நான் மன்னார்குடிப் பக்கம் நெல் அறுவடை மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்பில் பள்ளியை விட்டவன் நான். ஓட்டல், செங்கல் சூளை, போர் போடும் வண்டி என்று கிடைத்த வேலையைப் பிடித்துக்கொண்டு, அது போகிற ஊருக்கெல்லாம் போனேன். எங்கேயும் நிலைத்து இருந்ததில்லை. பசி, கொசு, லாரிக்கு அடியில் தூக்கம் இவையெல்லாம் எனக்குப் பெரிய கஷ்டமாகத் தெரிந்ததே இல்லை. கூட இருந்தவர்களுக்குத் தெரிந்தது. என் மனைவி சில வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, தனக்கென்று வேறு வாழ்க்கையைத் தேடிக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

மகள் ஜோஸ்பின், எனக்கு ஜோசி, என்னோடு இருக்கிறாள் என்று போகிற இடத்தில் சொல்லிக்கொள்வேன். உண்மையில் அவள் இருந்தது கடலூருக்கு அந்தப் பக்கம், ஒதியம்பட்டில், என் அக்கா ரீத்தாவின் வீட்டில். மாமா இறந்த பிறகு அக்கா தனியாள். ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை. சில வாரம் காலையில் கிளம்பி இருட்டிய பிறகு வருவாள். சில வாரம் மாலையில் கிளம்பிக் காலையில் வருவாள். அந்த வாரங்களில் எட்டு வயதுப் பிள்ளை இரவில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தனியாகப் படுத்திருந்தது. எனக்கு அது தெரியும். தெரிந்தும், அதற்கு ஒரு பெயர் இருக்கும் என்று நினைத்ததில்லை. ‘கவனிப்பின்மை’ என்ற சொல்லை ஆஸ்பத்திரியில்தான் முதல்முறை கேட்டேன்.

ஒரு மதியம் களத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அக்கா கூப்பிட்டாள். கை சோற்றில் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

“டேய் அந்தோணி, உன் பொண்ணு இன்னாடா இப்புடிப் பண்றா? கொடம் கொடமா தண்ணி குடிக்கிறா. விடிஞ்சா பாயெல்லாம் ஈரம். நா வேலைக்குப் போவனா, தெனம் இவ துணியத் தொவச்சிக்கினு கெடப்பனா?”

கூட வேலை செய்த குமார் எங்கள் பக்கத்து ஆள், பாகூர்க்காரன். வாயில் சோற்றோடு சொன்னான்: “இன்னாண்ணே, பாப்பா பாகூர் ஏரி மதகத் தொறந்து வுட்டுச்சா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் எட்டு வயதுப் பெண் படுக்கையை நனைக்கிறாள் என்பது நாலு பேர் எதிரில் எனக்கு மானக்கேடாக இருந்தது. அந்தக் கூச்சத்தில் குரலை உயர்த்தினேன்.

“எல்லாம் திமிருக்கா. பொழுது சாஞ்சா தண்ணியே குடுக்காத. ரெண்டு சூடு போடு, தானா அடங்கும்.”

“சூடு போடவா?”

“போடுக்கா. அப்பதான் புத்தி வரும்.”

குமார் மறுபடி ஏதோ சொன்னான், மறுபடி சிரித்தார்கள். கை கழுவிவிட்டு மெஷினில் ஏறினேன். சொன்னதை அதோடு மறந்துவிட்டேன்.

எங்கள் பக்கம் பிள்ளையை இப்படி மிரட்டாத வீடு கிடையாது. சூடு வெச்சிடுவேன், தோல உரிச்சிடுவேன், கண்ணுல மொளகா வெச்சிடுவேன் என்று சோறு ஊட்டும்போதே சொல்வோம், கொஞ்சிக்கொண்டே சொல்வோம். சொல்பவர்களில் பெரும்பாலோர் செய்வதில்லை. அதனாலேயே அது வெறும் பேச்சு என்று ஆகிவிட்டது. கேட்கிற பிள்ளைக்கு எது பேச்சு, எது நடக்கப்போவது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. சில சமயம் கேட்கிற பெரியவருக்கும் தெரிவதில்லை.

அடுத்த சில வாரம் அக்கா அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. தொல்லை தீர்ந்தது என்று எடுத்துக்கொண்டேன். எப்போதாவது போனை ஜோசியிடம் கொடுக்கச் சொல்வேன்.

“நல்லா இருக்கியா?”

“நல்லா இருக்கேன்பா.”

“சாப்டியா?”

“சாப்டேன்பா.”

அக்கா பக்கத்தில் நின்றுகொண்டிருப்பாள். வேறு எதை அவள் சொல்லியிருக்க முடியும் என்று இப்போது யோசிக்கிறேன்.

பிறகு ஒரு நாள் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. அக்காவின் பக்கத்து வீட்டுச் செல்வி. ஜோசி காலையிலிருந்து வாந்தி எடுக்கிறாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள், ஓடிவந்தவள் போல மூச்சு வாங்குகிறது, அக்கா வேலைக்குப் போய்விட்டாள், தான் ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறேன் என்றார். “அண்ணே, புள்ள வாயிலேர்ந்து அழுகுன பழ வாசன வருதுண்ணே. கண்ணே தொறக்கல. வந்துடுங்க.”

கும்பகோணம், சிதம்பரம், கடலூர் என்று பேருந்து மாறி மாறி வந்தேன். ஊர் ஊராகச் சுற்றியவனுக்கு அந்த வழி புதிதல்ல. ஆனால் அன்றுதான் அது எவ்வளவு தூரம் என்று தெரிந்தது.

ஆஸ்பத்திரி நடைபாதையில், தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு எதிரே, அக்கா கம்பெனிச் சீருடைச் சேலையோடு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அழவில்லை. முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். உள்ளே போய் ஜோசியைப் பார்த்தேன். கடைசியாகப் பார்த்தபோது இருந்த பிள்ளையில் பாதிதான் கட்டிலில் கிடந்தது. கன்னம் ஒட்டி, காலர் எலும்பு தூக்கிக்கொண்டு, மூச்சு மட்டும் பெரிது பெரிதாக.

டாக்டர் வயதில் சின்னவர். என்னை நிற்கவைத்து, நிதானமாகச் சொன்னார். ஜோசிக்கு வந்திருப்பது டைப் ஒன் சர்க்கரை நோய் (இன்சுலினைச் சுரக்கும் கணையத்தின் அணுக்களை உடம்பே அழித்துவிடுவது, இனிப்பு தின்பதால் வருவதல்ல, யாருடைய தவறாலும் வருவதல்ல). அதைக் கவனிக்காமல் விட்டதால் டி.கே.ஏ. (இன்சுலின் இல்லாமல் உடம்பு கொழுப்பை எரித்து, ரத்தம் அமிலமாகிவிடுவது) என்ற நிலைக்குப் போய்விட்டாள். இது உயிரைக் கொண்டுபோகும் நிலை.

“ரத்தத்துல சர்க்கரை ஏறுனா உடம்பு அதை மூத்திரத்துல வெளியே தள்ளும். அதுக்குத் தண்ணி வேணும். அதனாலதான் தாகம். பாப்பா ரொம்ப நாளா நெறைய தண்ணி குடிச்சிருப்பா, படுக்கையில ஒண்ணுக்குப் போயிருப்பா, எளைச்சிருப்பா. யாருமே கவனிக்கலையா?”

“நா ஊர்ல இல்லீங்க மேடம்.”

அந்தப் பதில் எந்நேரமும் என் சட்டைப்பையில் இருந்தது. எல்லாக் கேள்விக்கும் அதையே எடுத்துக் கொடுத்துப் பழகியிருந்தேன்.

“உடம்பு இவ்வளவு வறண்டு போயிருக்கே. தண்ணி குடிக்க விடலையா?”

ஜோசியின் தாகத்துக்குக் காரணம் யாருடைய தவறும் இல்லை என்றார் டாக்டர். அந்தத் தாகத்துக்குத் தண்ணீர் தராதே என்றது யார் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த நாள் ஜோசி கண் திறந்தாள். சொட்டுச் சொட்டாக இன்சுலினும், உப்பு நீரும் ஏறி மூச்சு இறங்கியது. அன்று மாலை டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“பாப்பா தொடையில சூடு போட்ட தழும்பு இருக்கு. பழசு ஒண்ணு. புதுசு ஒண்ணு, அது ஆறாமப் புண்ணா இருக்கு. சர்க்கரை ஏறிக் கிடந்ததால ஆறல. யார் பண்ணதுன்னு பாப்பாகிட்ட கேட்டேன்.” ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். “அப்பான்னு சொல்றா.”

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. “நானா? நா ஊர்லயே இல்ல மேடம்! மன்னார்குடில கெடந்தேன். மெஷின் ஓனரக் கேளுங்க, கூட இருந்தவனுங்களக் கேளுங்க! எம்புள்ளய நா சூடு போடுவனா?”

“கத்தாதீங்க. கதவுக்கு அந்தப் பக்கம் அவ முழிச்சிருக்கா.”

வாயை மூடினேன். இப்படி ஒரு காயத்தைப் பார்த்தால் குழந்தைகள் நலக் குழுவுக்கும் (பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையை யாரிடம் விடுவது என்று முடிவு செய்யும் குழு) போலீசுக்கும் தெரிவிப்பது தன் கடமை, ஏற்கெனவே தெரிவித்தாகிவிட்டது என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சண்டை போட வசதியாக இருந்திருக்கும்.

வெளியே வந்து அக்காவைத் தேடினேன். ஆஸ்பத்திரி மதில் ஓரம், துணி காயப்போடும் இடத்தில் நின்றிருந்தாள். நான் கேட்பதற்கு முன்பே பேசினாள்.

“கரண்டிக் காம்பு. அடுப்புல காட்டி வெச்சேன்.”

“ஏங்க்கா?”

“நீதானடா சொன்ன?”

“பேச்சுக்குச் சொன்னேன்க்கா!”

“எது பேச்சுக்கு, எது நெசத்துக்குன்னு நா இன்னாத்தக் கண்டேன்? போடவான்னு கேட்டேன்ல? போடுன்ன. நீ அவளுக்கு அப்பன். நா வெறும் அத்த.” என்னைப் பார்க்காமல் சொன்னாள்: “மொத தடவ கை நடுங்குச்சிடா. ரெண்டாவது தடவ நடுங்கல. அதான் எனக்குப் பயமா இருக்குது.”

என் அக்காவை உங்களுக்கு ஒரு பேயாகக் காட்ட என்னால் முடியாது. எனக்குச் சின்ன வயதில் சோறு போட்டவள் அவள்தான். ஷிப்டு முடிந்து வந்து ஜோசிக்குத் தலை பின்னி, பூ வைத்து, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கூட்டிப்போனவளும் அவள்தான். அந்தக் கைதான் இதையும் செய்தது. இரண்டும் ஒரே கை என்பதை ஏற்றுக்கொள்ள எனக்கு வெகுநாள் ஆனது.

செல்வியும் அன்று வந்திருந்தார். ஜோசி சாயந்திரம் ஆனால் அவர்கள் வீட்டு வாசல் குழாயில் வாயை வைத்துக் குடிக்குமாம். “ஏன் பாப்பா, வூட்ல தண்ணி இல்லியான்னு கேப்பேன். சிரிச்சிட்டு ஓடிடும். அடுத்தவங்க வூட்டு விசயம், நமக்கு இன்னாத்துக்குன்னு வுட்டுட்டேன்ணே. வுட்டிருக்கக் கூடாது.” என்னிடம் மன்னிப்புக் கேட்பது போல நின்றார். என் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்த ஒரே குழாய் அவருடையது.

ஜோசியைச் சாதாரண வார்டுக்கு மாற்றியபோது, ஒரு தவறு செய்தேன். இதே நிலையில் இருக்கும் யாரும் அதைச் செய்ய வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன். பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவான குரலில்தான், “ஏன்டி ஜோசி, அப்பா சூடு போட்டேன்னு டாக்டர்கிட்ட சொன்ன?” என்று கேட்டேன். அடிபட்ட பிள்ளையிடம் ‘ஏன் அப்படிச் சொன்னாய்’, ‘ஏன் முன்பே சொல்லவில்லை’ என்று கேட்பது அதை மறுபடி குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது. எனக்கு அது தெரியவில்லை.

அவள் போர்வையின் நூலைப் பிரித்துக்கொண்டே சொன்னாள்.

“நீதான போன்ல சொன்ன. அத்த போன்ல உன் கொரலு பெருசா வந்துச்சி. ரெண்டு போடுன்னு சொன்ன. அப்பறம் எல்லாரும் சிரிச்சாங்க.”

அக்காவும் ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தாள்.

கரண்டி யார் கையில் இருந்தது என்பது அவளுக்கு முக்கியமாக இல்லை. டாக்டர் கேட்டதற்கு அவள் பொய் சொல்லவில்லை, பெயரை மாற்றியும் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்த வரிசையில், முதலில் வந்தவனைச் சொன்னாள்.

இரண்டொரு நாளில் நலக் குழுவிலிருந்து ஒரு அம்மா வந்தார். போலீசில் மெஷின் ஓனரிடம் பேசியிருந்தார்கள். நான் அந்த மாதங்களில் மன்னார்குடியை விட்டு நகரவில்லை என்று அவர் சொல்லிவிட்டார். அக்கா தான்தான் சூடு வைத்தேன் என்று ஒப்புக்கொண்டிருந்தாள். என் பேச்சைப் பற்றி அவள் ஒரு வார்த்தைகூட சொல்லவில்லை. தம்பி பிள்ளையோடு பிழைத்துப் போகட்டும் என்று நினைத்திருக்கிறாள்.

“நீங்க அங்க இல்லைங்கறது உறுதியாயிடுச்சு. பாப்பா பயத்துல உங்க பேரைச் சொல்லியிருக்கலாம். அப்படித்தானே?” என்று அந்த அம்மா கேட்டார்.

தலையை ஆட்டினால் போதும். ஜோசியை என்னோடு அனுப்பிவிடுவார்கள் என்று தோன்றியது. ஆட்டத்தான் நினைத்தேன். கழுத்துவரை வந்துவிட்டது. ஆனால் நான் ஆட்டினால், ஆஸ்பத்திரிப் புத்தகத்திலும் அரசாங்கக் காகிதத்திலும் என் மகள் பெயரை மாற்றிச் சொன்னவளாக ஆகிவிடுவாள். அவளோடு ஒரே வீட்டில் அதை வைத்துக்கொண்டு எப்படி இருப்பது?

“அவ சரியாத்தாம்மா சொல்லிருக்கா,” என்றேன். தண்ணீர் தராதே என்றதையும், சூடு போடு என்றதையும், சிரித்ததையும் சொன்னேன். அந்த அம்மா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். முடிந்ததும், “சொன்னது நல்லது. ஆனா இதனால பாப்பாவை இப்போ உங்ககூட அனுப்ப முடியாது. புரியுதா?” என்றார்.

புரிந்தது. போலீசிலும் அதையே சொன்னேன். வழக்கில் என் பெயரும் சேர்ந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து ஜோசி ஒரு குழந்தைகள் இல்லத்துக்குப் போனாள். அங்கே ஒரு நர்ஸ் இருந்தார். நான் ஓரிடத்தில் தங்கி, நிலையான வேலை பார்த்து, இன்சுலின் போடக் கற்றுக்கொண்டு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள முடியும் என்று காட்டினால் பரிசீலிப்போம் என்றார்கள். மூலக்குளத்தில் ஒரு மாடிப்படி அடியில் அறை பிடித்தேன். ஒரு ஹார்டுவேர் கடைக்குச் சிமெண்டும் கம்பியும் ஏற்றிப்போகும் லோடு வண்டி ஓட்டினேன். மெஷின் ஓனர் சீசனுக்குக் கூப்பிட்டபோது வரவில்லை என்றேன். “உனக்கு இன்னாய்யா ஆச்சு? நீயா ஒரு எடத்துல குந்திக்கினு இருக்க?” என்று சிரித்தார். உடம்பு ஓரிடத்தில் இருக்க மறுத்தது உண்மைதான். விழுப்புரம் பஸ் போகிற சத்தம் கேட்டால் கால் தானாக எழும். எழுந்து, அறைக்குள்ளேயே நடந்துவிட்டு, உட்காருவேன்.

வார்டில் இன்சுலின் போடக் கற்றுக்கொடுத்த சிஸ்டர், வெறும் உப்பு நீரை ஏற்றிய சிரிஞ்சை என் கையில் கொடுத்து, “மொதல்ல உங்க வயித்துல குத்திக்குங்க” என்றார். நெல் மெஷினின் கத்திக்கு நடுவே கையை விட்டு அடைப்பை எடுத்தவன் நான். அந்தத் தலைமுடி கனமே உள்ள ஊசியை என் தோலில் இறக்க முடியாமல் வியர்த்தேன். “புள்ளைக்கு இது தெனம் நாலு தடவ” என்றார் அவர். இடத்தை மாற்றி மாற்றிப் போட வேண்டும், வயிறு, கை, தொடை என்றார். தொடை என்றதும் நான் சிரிஞ்சைக் கீழே வைத்தேன்.

வாரம் ஒருமுறை இல்லத்தில் ஜோசியைப் பார்க்க விட்டார்கள். ஒரு மேடம் கூடவே உட்கார்ந்திருப்பார். ஜோசி பெஞ்சின் மறுமுனையில் உட்காருவாள். எதைச் சொன்னாலும் “சரிப்பா”. சட்டை வாங்கித் தரவா, சரிப்பா. வேண்டாமா, சரிப்பா. தண்ணீர் பாட்டில் பக்கத்திலேயே இருக்கும். “தண்ணி குடிக்கலாமாப்பா?” என்று கேட்டுவிட்டுத்தான் மூடியைத் திறப்பாள். “என்னைக் கேக்காத ஜோசி, குடி” என்பேன். “சரிப்பா” என்பாள். அடுத்த மடக்குக்கு மறுபடி கேட்பாள்.

ஒருமுறை அவளாகக் கேட்டாள்: “அத்த ஜெயிலுக்குப் போயிடுச்சா?”

“இல்ல. கேசு நடக்குது.”

“என்னாலயா?”

“உன்னால இல்ல. எங்க ரெண்டு பேராலயும்.”

நம்பினாளா என்று தெரியவில்லை. அத்தையைப் பார்க்க வேண்டுமா என்று நான் கேட்கவில்லை. மன்னித்துவிடு என்று சொல்லவும் இல்லை. அதைக் கேட்கிற உரிமை எனக்கு இல்லை. அக்காவோடு கோர்ட்டுக்குப் போகிறேன், ஒரே பெஞ்சில் உட்காருகிறோம், டீ குடிக்கிறோம். ஜோசியைப் பற்றி அவள் கேட்டால் சர்க்கரை அளவை மட்டும் சொல்வேன். அதற்கு மேல் கேட்க மாட்டாள்.

ஒரு மழைக்காலம் முழுக்கப் போன பிறகு, கண்காணிப்போடு என்று சொல்லி, ஜோசியை என்னோடு அனுப்பினார்கள். இப்போதும் ஒரு மேடம் அவ்வப்போது வீட்டுக்கு வந்து பார்க்கிறார். முதலில் அவர் வரும்போதெல்லாம் அவமானமாக இருந்தது. இப்போது அப்படி இல்லை. அவர் முன்பே எங்கள் வாசலுக்கு வந்திருக்க வேண்டியவர்.

அறையில் ஃபிரிட்ஜ் இல்லை. ஈர மணலில் வைத்த மண்பானைக்குள் ஒரு டப்பாவில் இன்சுலின் இருக்கிறது. முன்பு என் நாட்கள் அறுவடைக்கு அறுவடை போயின. இப்போது ஊசிக்கு ஊசி போகின்றன. விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம், எந்திரத்தில் ஒரு எண், ஊசி, சாப்பாடு. கை நடுங்கி வியர்த்தால் ஹைப்போ (ரத்தத்தில் சர்க்கரை திடீரென்று தாழ்ந்துபோவது), உடனே குளுக்கோஸ். சிமெண்டு மூட்டையை இறக்கும்போதும் என் உடம்புக்குள் அவளுடைய அடுத்த வேளை ஊசி ஓடிக்கொண்டிருக்கும்.

உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை திடீரென்று அதிகமாகத் தண்ணீர் குடித்தால், விட்டுப்போயிருந்த படுக்கை நனைக்கும் பழக்கம் திரும்பி வந்தால், இளைத்துக்கொண்டே போனால், தயவுசெய்து திட்டாதீர்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு சொட்டு ரத்தம் கொடுத்துப் பாருங்கள். உடம்பில் காயம் கண்டால், உறவு கெட்டுவிடுமே என்று எண்ணெய் தடவி மறைக்காதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள். வேலைக்காகப் பிள்ளையை வேறொருவரிடம் விட்டிருப்பவர்களுக்கு ஒன்று. போனில் ‘நல்லா இருக்கியா’ என்று கேட்டால் அது நல்லா இருக்கேன் என்றுதான் சொல்லும். போய்ப் பாருங்கள். இதை எழுத எனக்குத் தகுதி இல்லை என்று தெரியும். தகுதி உள்ளவர்கள் யாரும் அன்று என்னிடம் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

இனிச் சொல்லப்போவது போன மாதம் நடந்தது.

வீட்டுக்கார அம்மாவின் பேரனுக்குப் பிறந்தநாள். ஜோசிக்கும் ஒரு துண்டு கேக் கொடுத்தார்கள். கேக் தின்னக்கூடாது என்று இல்லை. அளவு பார்த்து, ஊசி போட்டுவிட்டுத் தின்ன வேண்டும். மற்ற பிள்ளைகள் தின்று முடித்துக்கொண்டிருந்தார்கள்.

“இரு ஜோசி, ஊசி போட்டுட்டுத் தின்னு.”

“அப்பறம் போடு.”

“மொதல்ல ஊசி.”

“அப்பறம் போடுன்றேன்ல!”

தட்டை வாங்கக் கையை நீட்டினேன். அவள் தட்டை இழுத்து, என் மணிக்கட்டைப் பிடித்துக் கடித்தாள். சின்னக் கடி இல்லை. பல் இறங்கியது.

“நீ இன்னா பெரிய டாக்டரா? எல்லாப் பசங்களும் துன்றாங்க, நா மட்டும் குந்திக்கினு பாக்கணுமா? போ! நா ஊசி போட்டுக்க மாட்டேன். உன் பேச்ச கேக்க மாட்டேன், போ!”

மாடிப்படியில் கூட்டம் நின்று பார்த்தது. வீட்டுக்கார அம்மா பதறி வந்தார். “இன்னாப்பா உன் பொண்ணு, பெத்த அப்பனையே கடிக்குது? ரெண்டு போடு, சரியாப் பூடும்.”

“பேச்சுக்குக்கூட அப்படிச் சொல்லாதீங்கக்கா,” என்றேன். என் குரல் எனக்கே கேட்காத அளவுக்குத் தாழ்ந்திருந்தது.

சர்க்கரை தாழ்ந்தாலும் பிள்ளைகளுக்கு இப்படி வெறி வரும் என்று சொல்லியிருந்தார்கள். பயந்துபோய், அவளை அறைக்குள் கூட்டிவந்து விரலில் ரத்தம் எடுத்துப் பார்த்தேன். எண் சரியாக இருந்தது. மறுபடி பார்த்தேன். சரியாகவே இருந்தது.

அப்படியென்றால் அது நோய் இல்லை. வெறும் கோபம். என்னைக் கடித்தால் என்ன நடக்கும் என்று அவள் யோசிக்கவில்லை. சரிப்பா சரிப்பா என்று சொல்லிக்கொண்டிருந்த பிள்ளைக்கு, என் எதிரில் கோபப்படலாம் என்று எப்போது தோன்றியது? நான் கவனிக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பார்த்தேன். மேலே நாலு பல், கீழே மூன்று பல் பதிந்து சிவந்திருந்தது. வலித்தது. அந்த வலி இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

ஜோசி மூக்கை உறிஞ்சிக்கொண்டே பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தாள். “ரத்தம் வர்ல,” என்றாள். பிறகு சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினாள். ஊசி போட்டேன். கேக்கைத் தின்றாள்.

சில நாளில் பல் தடம் மங்கி, மஞ்சளாகி, மறைந்தது. ஒரு காலையில் குளிக்கும்போது பார்த்தேன், என் கையில் எதுவும் இல்லை. ஆறுகிற உடம்பு என்னுடையது. அவள் தொடையில் இருப்பது போகாது, அவள் வளர வளர அதுவும் கூட விரியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் கல்லூரிக்குப் போகும்போதும் அது இருக்கும். நான் செத்த பிறகும் இருக்கும். நான் பேசிய ஒரு வார்த்தை அவ்வளவு காலம் உயிரோடு இருக்கப்போகிறது.

வாளியைக் கவிழ்த்துவிட்டு அப்படியே நின்றுகொண்டிருந்தேன். கதவைத் தட்டினாள்.

“அப்பா, உள்ள இன்னா தூங்குறியா? இட்லி ஆறிப்போவுது. ஊசி போட வர்றியா இல்லியா? ஸ்கூல் வேன் போயிட்டா நீதான் கொண்டுபோயி வுடணும், சொல்லிட்டேன்!”